பரம்பரை விசுவாசம் என் விசுவாசமாக: பிறவிக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனை. எல்லாரும் எழுந்து நிற்கிறோம். "வானத்தையும் பூமியையும் படைத்த சர்வவல்லமையுள்ள பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்" என்று வாய் சொல்லிக்கொண்டே போகிறது. மனமோ, ஆராதனை முடிந்து போகும்போது கறிக்கடையில் கூட்டம் இருக்குமா, எலும்போடு வாங்குவதா தனிக்கறியா என்று ஓடுகிறது. ஆனாலும் ஒரு சொல் பிசகாது. பிசகாமல் சொல்ல முடிகிறதே, அதுதான் சிக்கல்.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்டவர்களுக்கு. ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல், வாலிபர் கூட்டம், பாடகர் குழு என்று எல்லாப் படியும் ஏறியிருப்பீர்கள். தாத்தா சபை மூப்பராக இருந்திருப்பார். பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் எண்ணைச் சொன்னால் ராகம் தானாக வரும். யாராவது "நீங்க கிறிஸ்தவரா?" என்று கேட்டால் யோசிக்காமல் ஆமாம் என்பீர்கள். "ஏன்?" என்று கேட்டால்தான் தொண்டை அடைக்கும்.

பாளையங்கோட்டையில், கிறிஸ்தவராக மாறிய கிளாரிந்தா என்ற பெண்மணி கட்டிய கிறிஸ்தவக் கோயில் பிரதிஷ்டையான ஆண்டு 1785. அங்கிருந்து எண்ணினால், தெற்கே சில குடும்பங்களில் இது ஏழாவது எட்டாவது தலைமுறை. முதலில் வந்தவர்கள் வீட்டை இழந்தார்கள், உறவை இழந்தார்கள், கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையைக்கூட இழந்தார்கள். நமக்கு அந்த விசுவாசம் கூரைவீட்டுக் காலத்துப் பெட்டியைப் போல வந்து சேர்ந்திருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறோம், திறந்துதான் பார்க்கவில்லை.

பழக்கம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பிரசங்கங்களில் "பாரம்பரியக் கிறிஸ்தவர்கள்" என்று இளக்காரமாகச் சொல்வது ஒரு வாடிக்கை. பவுல் அப்படிப் பேசவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உன் விசுவாசம் முதலில் உன் பாட்டி லோவிசாளிடம் இருந்தது, பிறகு உன் தாய் ஐனிக்கேயாளிடம் இருந்தது என்று பெயர் சொல்லி மகிழ்கிறார். சாமுவேல் கதை இன்னும் சுவாரசியமானது. பால் மறந்ததிலிருந்து ஆலயத்திலேயே வளர்ந்த பிள்ளை. உடன்படிக்கைப் பெட்டி இருந்த இடத்திலேயே படுத்து உறங்கியவன். அவனைப் பற்றி வேதம் சொல்கிறது: "சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்." இதில் திட்டு எதுவும் இல்லை, "இன்னும்" அறியவில்லை, அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் வந்ததும் அது ஆலயத்து ஆசாரியரான கிழவர் ஏலியின் சத்தம் என்று நினைத்து அவரிடமே ஓடுகிறான். நம்மில் பலர் கடவுளின் சத்தத்தை அப்பாவின் சத்தம், போதகர் ஐயரின் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அவர்களிடமே ஓடிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் என்ன சொல்லவேண்டும் என்று கற்றுக்கொடுப்பதும் அந்த ஏலிதான். "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்." சொந்தப் பிள்ளைகளைச் சரியாக வளர்க்கத் தெரியாத மனிதர், ஆனாலும் அவர் கொடுத்த வாக்கியம் சரியான வாக்கியம். வாக்கியம் பரம்பரையாக வரலாம். இருட்டில் எழுந்து உட்கார்ந்து அதைச் சொல்லவேண்டியவன் சாமுவேல்தான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே.

இதைச் சில மாதங்களுக்கு நீட்டிச் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் உபவாசக் கூட்டம் முடிந்த மறுநாள் மாதிரி ஆகிவிடும். இரண்டாம் படியும் மூன்றாம் படியும்தான் உயிர்நாடி. மற்றவை அவற்றின் பின்னால் வரும்.

படி 1: கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போனில் எழுதவேண்டாம், நடுவில் வாட்ஸ்அப் வந்துவிடும். விசுவாசிக்கிறேன் என்று நீங்கள் சொல்லிக்கொள்கிற பத்துப் பன்னிரண்டு விஷயங்களைச் சின்னச் சின்ன வரிகளாக எழுதுங்கள். தேவன் இருக்கிறார். ஜெபத்துக்குப் பதில் வரும். இயேசு உயிர்த்தெழுந்தார். மரணத்துக்குப் பின் வாழ்வு உண்டு. என் பாவம் மன்னிக்கப்பட்டது. இப்படி.

ஒவ்வொரு வரிக்கும் நேராக மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: "கேட்டது", "கண்டது", "தெரியவில்லை". கேட்டது என்றால் அம்மாவோ போதகரோ சொன்னதை மறுக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். கண்டது என்றால், மற்றவர்கள் எல்லாரும் நாளைக்கே இதை விட்டுவிட்டாலும் நீங்கள் விடமாட்டீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை. மூன்றாவதைக் குறிக்கக் கை கூசும். யாருக்கும் காட்டப்போவதில்லை, தைரியமாகக் குறியுங்கள்.

முக்கால்வாசி "கேட்டது" என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மெதடிஸ்ட் சபைகளுக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி, ஆங்கிலிக்கன் குருவானவரின் மகன். தானும் அபிஷேகம் பெற்ற குருவானவர். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த காலத்திலேயே நோன்பு, ஜெபம், சிறைச்சாலை ஊழியம் என்று கடிகாரம் பார்த்து வாழ்ந்தவர். 1735-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகவே கப்பலேறினார். அங்கே மொரேவியன் என்ற சபைப் பிரிவைச் சேர்ந்த ஸ்பாங்கன்பர்க் என்ற போதகர் அவரிடம், "உமக்கு இயேசு கிறிஸ்துவைத் தெரியுமா?" என்று கேட்டார். வெஸ்லி சற்றுத் தயங்கி, "அவர் உலக இரட்சகர் என்று தெரியும்" என்றார். "சரிதான். உம்மை இரட்சித்திருக்கிறார் என்று தெரியுமா?" "எனக்காகவும் மரித்தார் என்று நம்புகிறேன்." ஸ்பாங்கன்பர்க் விடவில்லை, "உம்மை உமக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்று சொல்லிவைத்த வெஸ்லி, அவை வெறும் சொற்களாக இருக்குமோ என்று பயப்படுவதாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். மிஷனெரியே "கேட்டது" என்று குறித்த இடம் அது. அவர் கதையின் மீதியை எட்டாம் படியில் பார்ப்போம்.

அந்தப் பக்கத்தில் தேதி போட்டு மடித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேவைப்படும்.

படி 2: சொந்தப் பெயரில், சொந்தத் தமிழில் ஜெபியுங்கள்

நமக்கு ஜெபத்துக்கென்று தனித் தமிழ் ஒன்று இருக்கிறது. "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். கடந்த நாட்கள் முழுவதும் கண்ணின் மணிபோல் காத்து வந்தீரே, உமக்கு நன்றி. வியாதிப்பட்டவர்களுக்கு சுகத்தையும், பிரயாணப்படுகிறவர்களுக்குப் பாதுகாப்பையும் தாரும்..." எங்கே நிறுத்தினாலும் அடுத்தவர் முடித்து வைப்பார். சபையாகக் கூடும்போது இந்தப் பொதுமொழி வேண்டும், அதில் தவறில்லை. தனியாக இருக்கும்போதும் அதையே சொன்னால், யார் பேசுகிறார்கள் என்று கேட்கவேண்டியிருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். தனி ஜெபத்தில் மனப்பாடமான வாக்கியம் ஒன்றும் கிடையாது. அக்காவிடம் போனில் பேசுகிற தமிழில் பேசுங்கள். இப்படி இருக்கும்:

"ஆண்டவரே, இன்னைக்கு ஆபீஸ்ல அவன் எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்திட்டான். நான் சிரிச்சு சமாளிச்சேன். உள்ள எரியுது. அவனை மன்னிக்கணும்னு எனக்குத் தெரியும், ஆனா மன்னிக்கப் பிடிக்கலை. பிடிக்கலைன்னு உங்ககிட்ட சொல்லிட்டேன். இப்ப என்ன செய்யணும்னு தெரியலை."

அவ்வளவுதான். "இயேசுவின் நாமத்தில், ஆமென்" போட்டுக்கொள்ளுங்கள், போடாவிட்டாலும் குற்றமில்லை. 'நீர்' என்பதா 'நீங்க' என்பதா என்று சிலருக்குக் கவலை வரும். எதைச் சொன்னால் முகத்தைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

இது மரியாதைக் குறைவு என்று தோன்றினால் 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் கடினம். அது ஆறுதலாக முடிவதுகூட இல்லை, கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதைப் புத்தாண்டு வாக்குத்தத்த வசன அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. ஆனால் வேதத்துக்குள் இருக்கிறது.

யாக்கோபைக் கவனியுங்கள். கண் மங்கிய தகப்பன் முன்னால் ஆட்டுத்தோலைக் கையில் கட்டிக்கொண்டு நின்று, "நான் ஏசா" என்று சொல்லி ஆசீர்வாதம் வாங்கினவன் அவன். அடுத்தவன் பெயரில் வாங்கின ஆசீர்வாதம். பிறகு பெத்தேலில் தேவன் அவனிடம், நான் ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன் என்று தாத்தா பெயரும் அப்பா பெயரும் சொல்லித்தான் தம்மை அறிமுகப்படுத்துகிறார். யாக்கோபோ வியாபாரி மாதிரி பேரம் பேசுகிறான்: சாப்பாடு கொடுத்து, துணி கொடுத்து, பத்திரமாக வீடு திரும்பவைத்தால் நீர் எனக்குத் தேவன். கேட்க நன்றாக இல்லை. ஆனால் அது அவனுடைய உண்மையான ஜெபம், தேவன் கோபித்துக்கொள்ளவும் இல்லை. இருபது வருஷம் மாமன் வீட்டில் ஏமாந்தும் ஏமாற்றியும் கழித்தபின், யாப்போக்கு ஆற்றங்கரையில் ராத்திரி முழுக்கப் போராடி ஆசீர்வாதம் கேட்கிறான். அப்போது அவனிடம் வரும் கேள்வி: "உன் பேர் என்ன?" இந்தத் தடவை அவன் "யாக்கோபு" என்கிறான். சொந்தப் பெயரைச் சொல்லி வாங்கிய ஆசீர்வாதம் அதுதான். அதன்பின் கானானில் இறங்கி ஒரு பலிபீடம் கட்டும்போது, அதற்கு இஸ்ரவேலின் தேவன் என்று தன் புதுப்பெயரைச் சேர்த்தே பெயர் வைக்கிறான்.

நடைமுறையில் சில சங்கதிகள். வீட்டில் தனி இடம் கிடைக்காதவர்களே அதிகம். மொட்டை மாடி, பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை, பாத்திரம் கழுவும் நேரம், எதுவும் போதும். முதல் சில நாட்கள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேச்சு ஓடாது. ஓடாவிட்டால் மௌனமாக இருந்துவிட்டு எழுந்திருங்கள். கண்ணீர் வரவேண்டும், சிலிர்க்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த எதிர்பார்ப்பும் நாம் கூட்டங்களில் பார்த்துப் பழகினதுதான்.

படி 3: தெரிந்த கதையைத் தெரியாதவரைப் போல வாசியுங்கள்

மாற்கு எழுதின சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறே அதிகாரம், நான்கில் மிகச் சிறியது. கிறிஸ்துமஸ் கதை அதில் கிடையாது, நேராக யோர்தானில் தொடங்கிவிடுகிறது.

முதலில் ஒரு விடுமுறை நாளில் ஒரே மூச்சில் முழுதும் வாசித்து விடுங்கள். நாம் எப்போதும் துண்டு துண்டாகக் கேட்டே வளர்ந்தவர்கள்: இன்றைய நிருப வாக்கியம், இன்றைய சுவிசேஷ வாக்கியம். ஒரே தொடர்ச்சியாக வாசிக்கும்போது அந்த வேகமும், சீஷர்கள் எத்தனை தடவை புரியாமல் விழிக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரியும்.

பழைய மொழிபெயர்ப்பிலேயே வளர்ந்தவர்கள் 1995-இல் வந்த பொதுமொழிபெயர்ப்பில் வாசித்துப் பாருங்கள். கத்தோலிக்கர்களுக்கு அது திருவிவிலியமாகப் பழக்கமானது, அவர்கள் மாற்றிப் பழைய மொழிபெயர்ப்பை எடுக்கலாம். எது உசத்தி என்ற சண்டை இங்கே வேண்டாம். காது எதிர்பார்க்கிற சொல் வராமல் வேறு சொல் வரும்போது கண் நின்று பார்க்கும், அதற்காகத்தான்.

பிறகு தினம் ஒரு பகுதி, பத்து வசனம் போதும். நோட்டில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இதில் இயேசு என்ன செய்கிறார், என்ன கேட்கிறார்? எனக்கு எது பிடிக்கவில்லை, அல்லது புரியவில்லை? இந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பொழிப்புரை எழுதாதீர்கள். "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம்" என்று பேனா தொடங்கினால் அடித்துவிடுங்கள். அது ஞாயிறு பள்ளி வினாத்தாள் பழக்கம்.

ஒரு எடுத்துக்காட்டு. பத்தாம் அதிகாரத்தில் பர்திமேயு கதை எல்லாருக்கும் தெரியும். எரிகோ, வழியோரக் குருடன், "தாவீதின் குமாரனே எனக்கு இரங்கும்", பார்வை கிடைத்தது, பாட்டு, காணிக்கை, போய்விடலாம். நிதானமாக வாசித்தால் ஒரு கேள்வி இடறும். குருடன் ஒருவன் எதிரே நிற்கிறான், அவனிடம் இயேசு, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். இதைக் கேட்கவேண்டுமா? பார்த்தாலே தெரியாதா?

கொஞ்சம் மேலே போங்கள். அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்கு முன்புதான், சீஷர்களான யாக்கோபும் யோவானும் வந்து நாங்கள் கேட்பதைச் செய்யவேண்டும் என்கிறார்கள். அவர்களிடமும் இயேசு அதே கேள்வியைத்தான் கேட்கிறார். கூடவே இருந்தவர்கள், உள்வட்டத்துப் பிள்ளைகள், அவரிடம் கேட்டது வலதுபக்கத்து நாற்காலியும் இடதுபக்கத்து நாற்காலியும். வழியில் கிடந்தவன் கேட்டது, பார்க்கவேண்டும் என்பது. மாற்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறார்.

இப்போது நோட்டை எடுத்து, அந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டதாக வைத்து, ஒரு வரி எழுதுங்கள். சபைக் கமிட்டித் தேர்தல் நேரமாக இருந்தால் பதில் இன்னும் சுவாரசியமாக வரும்.

இதே கண்ணோடு வாக்குத்தத்த வசனங்களையும் ஒருமுறை பாருங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் அட்டையை நான் குறை சொல்லவில்லை, பல வீடுகளில் ஒரு வருஷத்தை நகர்த்துவதே அந்த ஒரு வரிதான். ஆனால் எரேமியா 29:11 வந்தால் 10-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். நன்மைக்கான நினைவுகள் என்ற அந்த வாக்கு, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில் வருகிறது. முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதத்தைப் படித்தவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பி வரப்போவதில்லை. அது தெரிந்தபின்னும் அந்த வசனம் ஆறுதல் தருகிறதா என்று பாருங்கள். தந்தால், அந்த ஆறுதல் உங்களுடையது.

படி 4: கேள்விகளை அடக்காதீர்கள், தரம் பிரியுங்கள்

நம் வீடுகளில் கேள்வி கேட்டால் உடனே "பின்மாற்றம்", அதாவது விசுவாசத்தை விட்டு விலகுகிறான் என்று பெயர் விழும். அம்மா அழுவாள், சித்தப்பா போதகரைக் கூட்டி வருவார். அதனால் பெரும்பாலோர் கேள்வியை விழுங்கிவிட்டு, கல்லூரிக்குப் போனதும் சத்தமில்லாமல் கோயிலையும் விட்டுவிடுகிறார்கள்.

சென்னையில் பரங்கிமலைக்குப் போனால், அப்போஸ்தலன் தோமா இரத்தசாட்சியாக மரித்த இடம் என்று பாரம்பரியம் சொல்லும் மலையில் நிற்கலாம். அந்தத் தோமாவை "சந்தேகத் தோமா" என்றே நாம் சுருக்கிவிட்டோம். நடந்ததைப் பாருங்கள். நம்பத்தகுந்த நண்பர்கள் பத்துப்பேர், உயிர்த்தெழுந்த கர்த்தரைக் கண்டோம் என்கிறார்கள். அவன் அந்தச் சாட்சியை வாங்கிக்கொண்டு ஆமென் சொல்லியிருக்கலாம். மாட்டேன், நானே பார்க்கவேண்டும் என்றான். எட்டு நாள் கழித்தும் அவன் அவர்களோடுதான் இருக்கிறான். அவர்களும் அவனைத் தள்ளவில்லை, அவனும் போய்விடவில்லை. இயேசு வந்து, அவன் கேட்டபடியே தம் காயங்களை அவனுக்கு நீட்டுகிறார். அப்போதுதான் அவன் வாயிலிருந்து "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று வருகிறது.

உங்கள் கேள்விகளை எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று தினுசாகப் பிரியும்.

சில, தகவல் கேள்விகள். சுவிசேஷங்களை யார் எப்போது எழுதினார்கள், நாலு சுவிசேஷத்திலும் விவரம் ஏன் வேறுபடுகிறது, மற்ற மதத்தாருக்கு என்ன ஆகும். இவற்றுக்குப் புத்தகம் இருக்கிறது, இறையியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். தேடிப் படியுங்கள். யூடியூபில் கத்துகிறவரிடம் போகாதீர்கள், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.

சில, காயத்தின் கேள்விகள். அத்தனை பேர் ஜெபித்தும் அண்ணன் ஏன் பிழைக்கவில்லை? அதற்கு யாராவது உடனே பதில் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம். யோபின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், வாய் திறந்தபின்தான் கெட்டது. இந்தக் கேள்வியை இரண்டாம் படியில் சொன்ன தமிழில் தேவனிடமே கொண்டுபோங்கள். அத்தனை வாதமும் முடிந்தபின் யோபு சொல்வது, காதால் கேள்விப்பட்டிருந்தேன், இப்போது என் கண் உம்மைக் காண்கிறது என்பதுதான். அவன் கேட்ட "ஏன்" என்பதற்குப் பதில் கடைசிவரை வரவில்லை.

மூன்றாவது தினுசு சங்கடமானது. செய்யவேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்காகக் கேட்கும் கேள்வி. அது எது என்று உங்களுக்கே தெரியும். அடுத்த படி அதைப் பற்றித்தான்.

படி 5: விலை கொடுக்கவேண்டிய ஒரு காரியத்தைச் செய்யுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் அறைக்குள் நடப்பது. ஒரு விசுவாசம் என்னுடையதா என்று எனக்கே தெரியவருவது, அது என் குடும்பப் பழக்கத்தோடு மோதுகிற இடத்தில்தான். இரண்டும் ஒரே திசையில் போகும்வரை எது எதை இழுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அந்த மோதல் எங்கே வரும் என்று தேடி அலையவேண்டாம். கிறிஸ்தவத் திருமணத் தகவல் பக்கத்தைப் புரட்டுங்கள். "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற, ஞானஸ்நானம் பெற்ற மணமகள் தேவை" என்று இருக்கும், அடுத்த சொல் சாதி. ஆவிக்குரிய தகுதிகள் எல்லாம் அந்த வேலிக்குள்ளேதான் தேடப்படுகின்றன. இது புதிய வியாதியும் அல்ல. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகி நின்றார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு மிஷனெரிகள் இதே மாற்றத்தைக் கொண்டுவர முயன்றபோது எதிர்த்து எழுதியவர், நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். பாட்டின் ஆழத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த ஓர் இடத்தில் வழக்கம் ஜெயித்தது.

உங்கள் வீட்டில் அந்த இடம் கல்யாணப் பேச்சாக இருக்கலாம். "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்ற பெயரில் வரும் வரதட்சணையாக இருக்கலாம். தம்பியோடு நடக்கும் சொத்து வழக்காக இருக்கலாம். சர்ச் பள்ளியில் வேலைக்காகக் கொடுத்த பணமாக இருக்கலாம். ஒன்றை மட்டும் எடுங்கள். மாற்கில் வாசித்த இயேசு இந்த விஷயத்தில் என்ன சொல்வார் என்று ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் தேவைப்படாது. பிறகு அந்த வாரத்தில் செய்யமுடிந்த ஒரு சின்ன அசைவு: தம்பிக்கு ஒரு போன், அப்பாவிடம் "எனக்குச் சாதி பார்க்கவேண்டாம்" என்று ஒரு வாக்கியம்.

செய்ததைச் சாட்சியாகச் சொல்லாதீர்கள். குறைந்தது ஒரு வருஷத்துக்கு. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்று மலைப்பிரசங்கம் சொல்வதற்கு இங்கே நல்ல காரணம் இருக்கிறது. கைதட்டு வந்துவிட்டால் அது மறுபடியும் சபைப் பழக்கத்துக்குள் போய்விடும்.

முதல் தடவையே வெற்றி வராது. அப்பா மூன்று நாள் பேசமாட்டார். தம்பி போனை எடுக்கமாட்டான். அதையும் ஜெபத்தில் சொல்லுங்கள், "செஞ்சேன் ஆண்டவரே, ஒண்ணும் நடக்கலை" என்று. நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள் என்பது அப்போதுதான் உறைக்கத் தொடங்கும்.

படி 6: உண்மை பேச ஒரே ஒரு ஆள்

கூட்டம் வேண்டாம், குழு வேண்டாம். மாதம் ஒருமுறை டீக்கடையில் உட்கார்ந்து, "இந்த மாசம் ஜெபிக்கவே இல்லைடா" என்று சொன்னால் அதிர்ச்சியாகாத ஒரு ஆள். உறவுக்காரராக இல்லாமல் இருப்பது நல்லது, நம் ஊரில் எதுவும் கல்யாணப் பேச்சில் திரும்பி வரும். வயதில் மூத்தவராக, தானும் வறண்ட காலம் பார்த்தவராக இருந்தால் இன்னும் நல்லது. சபையில் கடைசி பெஞ்சில் உட்காரும் ரிட்டயர்டு வாத்தியார்களில் இப்படி ஒருவர் அநேகமாக இருப்பார்.

படி 7: பழைய பாட்டுக்கும் பழைய ஆராதனைக்கும் திரும்பி வாருங்கள்

இந்த இடத்தில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். உள்ளே ஏதோ உயிர் வந்தது போலிருக்கும். உடனே பரம்பரைச் சபை செத்த சபை என்று முடிவுகட்டி, கீபோர்டும் ட்ரம்ஸும் உள்ள இன்னொரு இடத்துக்குப் போய்விடுவார்கள். சில வருஷத்தில் அதுவும் பழகிவிடும். ஆவியில் நிறைந்து பேசுவதாகச் சொல்லும் அந்நிய பாஷையையும் மனப்பாடமாகப் பேச முடியும்.

இருக்கும் இடத்திலேயே இதைச் செய்து பாருங்கள். ஞாயிறு ஆராதனையில் ஒரே ஒரு வரியை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். பாவ அறிக்கையில் ஒரு வரி, அல்லது பரமண்டல ஜெபத்தில் "எங்களுக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தவர்களுக்கு". மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும். அந்த வரி வரும்போது ஒரு ஆளின் முகத்தை நினைத்துச் சொல்லுங்கள், அல்லது சொல்ல முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கத்தோலிக்கத் திருப்பலியிலும் இது அப்படியே பொருந்தும்.

பாட்டுகளுக்கு இன்னொரு வழி, எழுதினவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு பாடுவது. "சத்தாய் நிஷ்களமாய்" பாடாத தமிழ்ச் சபை குறைவு. எழுதியவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1827-இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், முப்பது வயதை ஒட்டி, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். அந்தக் காலத்தில் அப்படி வந்தவர் எந்த உறவையெல்லாம் பணயம் வைத்து வந்திருப்பார் என்று யோசித்துவிட்டு, உன்னையல்லால் எனக்கு யார் துணை, யார் உறவு என்று கேட்கும் அந்த அடியைப் பாடுங்கள். நமக்குப் பாடகர் குழுவில் ஆல்டோ பாகமாக மட்டும் தெரிந்திருந்த வரி அது.

படி 8: சூடு தணியும்போது

தணியும். வெஸ்லி கதைக்கு வருவோம். 1738 மே 24 மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு விருப்பமில்லாமலேதான் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதின முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் தன் இருதயம் அதிசயமாய் அனலடைந்ததாக எழுதினார். என் பாவங்களை, என்னுடையவற்றையே, அவர் நீக்கினார் என்ற நிச்சயம் வந்தது என்றார். இந்தப் பகுதியை எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள். அடுத்த ஜனவரியில் அதே வெஸ்லி அதே நாட்குறிப்பில், நான் இப்போது கிறிஸ்தவனே அல்ல என்று எழுதியிருப்பதை யாரும் சொல்வதில்லை. எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்.

ஆகவே, "எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?" என்று கேட்கிறவர்களிடம் சொல்ல உங்களிடம் தேதி இல்லாவிட்டால் கவலைப்படவேண்டாம். பவுலுக்குத் தேதி இருந்தது, தீமோத்தேயுவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பவுல் அதற்காக அவனைக் குறைவாக நினைக்கவும் இல்லை.

வறண்ட வாரங்களில் ஜெபத்தைச் சுருக்குங்கள், நிறுத்தாதீர்கள். பேச ஒன்றுமில்லையென்றால் மனப்பாடமான 23-ஆம் சங்கீதத்தைச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு விலக்கிவைத்த அந்தப் பழைய வாக்கியங்கள் இப்போது கைகொடுக்கும். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் வலிப்புவந்த பிள்ளையின் தகப்பன் சொல்வது இந்த நாட்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கும்: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும். அவன் மகன் சுகமானது அந்த அரைகுறை வாக்கியத்துக்குத்தான்.

ஆறு மாதம் கழித்து முதல் படியில் மடித்துவைத்த பக்கத்தை எடுத்து மறுபடி குறியுங்கள். "கண்டது" ஒன்றோ இரண்டோ கூடியிருக்கும். முன்பு "கேட்டது" என்று இருந்தவற்றில் சில "தெரியவில்லை"க்குப் போயிருக்கும். இரண்டும் முன்னேற்றம்தான்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

குடும்ப ஜெபத்தை விடவேண்டாம். நீளத்தைக் குறையுங்கள், பத்து நிமிஷம் போதும். முட்டிபோட்ட பிள்ளை தூங்கி விழுந்தால் தட்டி எழுப்பாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், வசனம் ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதில், உங்கள் ஜெபத்தில் பதில் வராமல் கிடக்கும் ஒன்றை அவர்களிடம் சொல்லுங்கள். "அப்பா இதை ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருக்கேன், இன்னும் ஒண்ணும் தெரியலை, ஆனா கேட்டுட்டுத்தான் இருக்கேன்." பிள்ளை "அப்ப ஏன்ப்பா கேக்குறீங்க?" என்று கேட்கும். அதற்கு நோட்டில் எழுதிவைத்த பதில் எதுவும் உதவாது. அந்த நேரத்தில் என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள், அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கலாம், காலையில் பள்ளிக்கூடம் இருக்கிறது.